பொறாமைக்காரன் பிடித்த கயிறு

கயிறு என் கையில் இருந்தது. அதன் மறுமுனை கபிரியேலின் இடுப்பில் இருந்தது. நடுவில் ஆறேழு பாகம் ஆழத்துக்குக் கடல்.

காற்று ஏறுவதற்கு முந்தைய காலை நேரம். தண்ணீர் தெளிவாகத்தான் கிடந்தது. ஆனாலும் அடியில் அவன் எங்கே துழாவுகிறான் என்று தெரியவில்லை. வள்ளத்தின் ஓரத்தில் முட்டிபோட்டு, கயிறு கைக்குள் ஓடுவதையும் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் பழைய மீன் வாடை. அது உள்ளங்கையில் ஏறி இரண்டு நாள் போகவில்லை.

என்னிடம் அப்போது கைக்கடிகாரம் கிடையாது. முத்துக்குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவர்கள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லித்தான் நேரம் பார்ப்பார்கள். நானும் சொன்னேன். முதல் தடவை ஒழுங்காக வந்தது. இரண்டாம் தடவை பாதியிலேயே செலின் ஞாபகம் வந்துவிட்டது.

செலின் என் மனைவி. கபிரியேல் அவளுடைய தாய்மாமன் மகன். கட்டிக்கொள்ளும் முறை. அவன் கொழும்பில் வேலைக்குப் போய் வருஷக்கணக்கில் வராமல் இருந்ததால்தான், அந்நியனான எனக்கு அவளைக் கொடுத்தார்கள்.

‘அவன்’ என்று எழுதுகிறேனே, என்னைவிட மூத்தவன் ஆயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நேரில் ‘அண்ணன்’ என்று கூப்பிட்டதெல்லாம் போதும். எழுதும்போதாவது என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.

பின்னால் தொங்கும் கால்

அந்த நாளில் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பும் பஞ்சும் தோணியில் போகும். கிளார்க்குகளும் டாக்டரும் காய்கறிக் கூடைகளும் லாஞ்சில் போவார்கள். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. லாஞ்சு வைத்திருந்த முதலாளிகள் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்த காலம்.

நான் ஓட்டிய லாஞ்சின் பெயர் ரோசம்மாள். முதலாளியின் தாயார் பெயர். கொச்சியில் ஒரு வெள்ளைக்காரர் உல்லாசத்துக்கு வைத்திருந்த பழைய படகு. முதலாளி அதன் அழகில் மயங்கி வாங்கிவிட்டார்.

மற்ற லாஞ்சுகளில் என்ஜினிலிருந்து ஒரு தண்டு படகின் அடி வழியாக நேரே கடலுக்குள் போகும். ரோசம்மாள் அப்படி இல்லை. என்ஜின் உள்ளே பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் கால் மட்டும் பலகைக்கு வெளியே தண்ணீருக்குள் தொங்கும். காலின் நுனியில் புரொப்பல்லர். தனியாகச் சுக்கான் கிடையாது, கால் திரும்பினால் படகு திரும்பும். நாங்கள் அதைக் ‘கால்’ என்றே சொன்னோம். காலுக்கு என்ன கேடு வந்தாலும் பார்க்க வேண்டியவன் நான். நான் பெரியதாழையிலிருந்து வந்து லாரி ஷெட்டில் வேலை பழகினவன். டிரைவரும் நானே, மெக்கானிக்கும் நானே.

திருவிழாவுக்கு முன்னால் படகில் பெயிண்ட் படாத இடம் இருக்கக் கூடாது என்பது எங்கள் கடற்கரையின் பிடிவாதம். லாஞ்சைக் கரையில் இழுத்துப் போட்டு நாங்கள் அதன் உடம்புக்குப் பூசுவோம். மிச்சமிருக்கும் பெயிண்டை வைத்துக்கொண்டு செலின் மூலை முடுக்கெல்லாம் பூ வரைவாள். ஐந்து இதழ் வெள்ளைப் பூ, அதில் ஓரிதழ் மட்டும் நீளம். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான் வருது” என்பாள். கப்பல்காரர்கள்கூடப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் கால் மக்கர் செய்யத் தொடங்கியது. நேரே போனால் சத்தமில்லை. திருப்பினால் உறுமியது. தண்டு காலுக்குள் நுழையும் இடத்து பேரிங் போய்விட்டது என்று நான் அப்போதே சொன்னேன். ஆயில் மாற்றினால் நாலு நாளில் பால் ஊற்றிய காப்பி மாதிரி வெளுத்து வந்தது. எங்கோ தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினேன். மறுபடியும் வெளுத்தது. நல்ல சீலையும் தின்கிற அந்தக் காலை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் கப்பலுக்குப் போகிற வழியில் என்ஜின் வீலென்று கத்தியது, படகு நகரவில்லை. எட்டிப் பார்த்தால் புரொப்பல்லரைக் காணோம். கழன்று கடலில் விழுந்துவிட்டது. அங்கேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஒரு வள்ளத்தில் ஏறிக் கரைக்கு வந்தேன்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“கொழும்பு ஆர்பர்ல இந்த மாதிரி காலு வேலை பாத்த ஆளு ஒருத்தன் வந்திருக்கானாமே, கபிரியேலு. நாளைக்கு அவனக் கூட்டிட்டுப் போ” என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “திருவிழாவுக்கு முன்னால இது ஓடணும். யாரு ஓட வைக்கானோ அவன்தான் இனிமே டிரைவர்.”

ஓடாவிட்டால் லாஞ்சை விற்றுவிடுவார், எனக்கு வேலை போகும். ஓடினால் கபிரியேலுக்கு என் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழியும் தென்படவில்லை.

மச்சான் இல்லாத ஆள்

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிக்கிறவன் கண்ட ஆளிடமும் கயிற்றைக் கொடுக்க மாட்டான். மச்சானிடம்தான் கொடுப்பான், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனிடம். கயிற்றை விட்டால் தன் தங்கச்சி தாலியல்லவா போகும்? மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் கரையில் எத்தனை சண்டை இருந்தாலும் கடலுக்குள் கயிறு பத்திரம். என் மாமனாருக்கும் அவர் மச்சானுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம், ஒரே வள்ளத்தில் ஒருவர் குளிக்க ஒருவர் கயிறு பிடித்திருக்கிறார்கள். அந்த மச்சான் கபிரியேலின் அப்பா.

கபிரியேலும் இளவட்டத்தில் குளித்தவன். மறுநாள் காலை வள்ளத்தில் என்னோடு வந்து, லாஞ்சு நிற்கும் இடத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், இடுப்பில் கயிற்றைக் கட்டினான். பிறகு நுனியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

“எனக்குத்தான் கல்யாணமும் இல்ல, மச்சானும் இல்ல. நீ புடி தம்பி.”

தம்பி! முறைப்படி அது சரிதான். என் மனைவிக்கு முறைமாப்பிள்ளை எனக்கு அண்ணன் முறை. சொந்தத்தின் கணக்கே அப்படி. யார் காணாமல் போனால் எனக்கு நிம்மதியோ, அவன் தன் உயிரையே என் கையில் கொடுத்துவிட்டு, ஆழத்துக்கு இழுக்கும் கல்லை மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஒன்று சொல்கிறேன். விட்டுவிடலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே கிடக்கட்டும் என்றுதான் தோன்றியது.

கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது, மேலே தூக்கச் சொல்கிற சைகை. கை எரிய எரிய இழுத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி புரொப்பல்லரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே வந்தான். வள்ளத்துக்காரர் கைதட்டினார். நான் தட்டவில்லை. என் கையில் கயிறு இருந்ததல்லவா!

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கி, முகக் கண்ணாடியோடு லாஞ்சின் பின்னால் போய்க் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கத்தியால் எதையோ சுரண்டினான். ஓரிடத்தில் மட்டும் வெகுநேரம் நின்றான். மேலே வந்ததும் என்ன என்று கேட்டேன்.

“கரைக்கு இழுத்துத்தான் பாக்கணும்” என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விளமீன் தலை

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு. செலின் அழைத்திருந்தாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

விளமீன் குழம்பு. எங்கள் வீட்டில் தலை எப்போதும் எனக்குத்தான் வரும். அன்று அது எனக்கு முன்னாலேயே கடந்து போய் அவன் தட்டில் விழுந்தது. எனக்கு நடுத்துண்டு. நல்ல துண்டுதான். ஆனால் தலை தலைதானே.

“மச்சான், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?”

“போதும்ளா. நீ இன்னும் அத்த கைப்பக்குவத்துலயே வைக்கியே!”

மூன்று வருஷமாக அந்தக் குழம்பைச் சாப்பிடுகிறேன். அது அத்தை கைப்பக்குவம் என்று எனக்குத் தெரியாது. அவன் ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டான். என்னை அவள் ‘ஏங்க’ என்பாள். அவனை ‘மச்சான்’ என்றாள், சின்ன வயதிலிருந்து வாயில் புரண்ட சொல் அல்லவா, வழுக்கிக்கொண்டு வந்தது. நான் முள்ளைப் பொறுக்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏங்க, மச்சானுக்கு ஒரு கலர் சோடா வாங்கிட்டு வாங்களேன்” என்றாள்.

நாடார் கடை தெருமுனையில் இருக்கிறது. ஓட்டமும் நடையுமாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் கால் வைத்ததும் உள்ளே பேச்சு நின்றது. கபிரியேல் கூரையைப் பார்த்தான். செலின் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று தெரிந்துவிடுமே. கலரை உடைத்து அவன் கையில் கொடுத்தேன். நுரை பொங்கி அவன் சட்டையில் வழிந்தது. நான் பாட்டிலைக் கொஞ்சம் குலுக்கிக்கொண்டு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

நீலக் கட்டி

லாஞ்சை இழுத்துக்கொண்டு வந்து, உருளைத் தடி போட்டுக் கரையேற்றினோம். இருவருமாகக் காலைக் கழற்றினோம். முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பேரிங் துருப்பிடித்து உருண்டைகள் சொரசொரவென்று இருந்தன. “தம்பி சொன்னது சரிதான் முதலாளி, உறுமுனது இதுதான்” என்றான் கபிரியேல். அவன் பாராட்டியதும் எனக்கு எரிந்தது. தண்டைச் சுற்றிய ரப்பர் உறை வெடித்திருந்தது. சீல் உட்காரும் இடத்தில் தண்டு குழி விழுந்திருந்தது. அதனால்தான் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்கவில்லை. காலின் உடம்பு முழுவதும் அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது. புரொப்பல்லர் நட்டைப் பிடிக்கும் வாஷர், விரலால் நசுக்கினால் உதிர்ந்தது.

அவ்வளவு அரித்துக் கிடந்த காலில் ஒன்று மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. புரொப்பல்லருக்கு மேலே திருகியிருந்த உள்ளங்கை அளவுக் கட்டி. அதன்மேல் மாதா முக்காட்டின் நீலத்தில் பெயிண்ட். நீலத்தின்மேல் வெள்ளைப் பூ. ஐந்து இதழ். ஓரிதழ் நீளம்.

கபிரியேல் அந்தப் பூவின்மேல் கட்டைவிரலை வைத்தான். அவன் விரல் அங்கேயே நின்றது. அவனுக்கு அந்தக் கையைத் தெரியும். அவனுடைய பள்ளிக்கூடத்துப் பெட்டியில், அவன் வீட்டுக் கதவில், எங்கெல்லாம் அந்தப் பூ இருந்ததோ யார் கண்டது!

“இது நாகக் கட்டி முதலாளி, துத்தநாகம். இரும்பத் திங்கிற உப்புத்தண்ணி, இது பக்கத்துல இருந்தா முதல்ல இதத்தான் திங்கும். இது தேயத் தேய காலு பொழைக்கும். பெயிண்ட் பூசிட்டா தண்ணிக்கு இது கெடையாது. அப்ப காலத்தான் திங்கும்.” சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “இத யாரு பூசுனா?”

லாரியில் நாகக் கட்டி கிடையாது. அது எதற்கு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாமல் இருந்தது, ஏதோ பாரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். முதலாளி குடையைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். ‘என் வீட்டுக்காரி தெரியாமல் பூசிட்டா’ என்றால் விஷயம் முடிந்துவிடும். பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். என் வேலைக்குக் கேடு வராது.

ஆனால் அவள் பெயரை அவன் முன்னால் சொல்ல வேண்டும். அதைச் சொன்னதும் அவன் விரல் அந்தப் பூவை இன்னொரு தடவை தடவும். அதை நான் நின்று பார்க்க வேண்டும்.

“நான்தான் பூசுனேன்” என்றேன்.

“நீயா? பூவுமா?” என்றார் முதலாளி.

“பூவும் நான்தான்.”

கபிரியேல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முதலாளியிடம், “பெயிண்ட் பூசாம இருந்தாலும் இதுக்கு இதுதான் கதி முதலாளி. கொச்சியிலேயே பாதி அரிச்சிட்டு. காலுக்கு வயசாயிட்டு. தம்பி இம்புட்டு நாள் ஓட்டுனதே பெருசு” என்றான்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லிக் காப்பாற்றிய வேலையில் நான் இருப்பதைவிட, உடன்குடியில் கருப்பட்டி மூட்டை தூக்கப் போகலாம் என்றிருந்தது.

கருப்பட்டி அச்சு

கருப்பட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காலுக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது. பேரிங் மட்டும் அளவு ஒத்து லாரிக்கடையில் கிடைத்தது. குழி விழுந்த தண்டுக்கு லேத்தில் பித்தளை வளையம் கடைந்து ஏற்றினோம். வெடித்த உறைக்குப் பதிலாக லாரி டியூப்பை வெட்டிச் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினேன். டியூப் என் யோசனை. அதை அவனே முதலாளியிடம் சொன்னான். எதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நாகக் கட்டிக்குத்தான் வழி இல்லை. தீர்ந்துபோன டார்ச் செல்களின் ஓடு நாகம்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெருத் தெருவாகச் சேர்த்து உருக்கினோம். அச்சுக்கு என்ன செய்வது என்று அவன் விழித்தபோது, நான் அடுப்படியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து வந்து மணலில் அழுத்தினேன். மணலைக் காயவிட்டு ஊற்றினோம். பளபளவென்று வெள்ளைக் கருப்பட்டி ஒன்று வந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் லாஞ்சை இறக்கினோம். ஓட்டியவன் நான். திருப்பினேன், உறுமவில்லை. இன்னும் ஒடித்துத் திருப்பினேன், பூனை மாதிரி போனது. கரைக்கு வந்ததும் முதலாளி கபிரியேலின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளையிலருந்து நீதாம்ல ஓட்டணும்” என்றார்.

நான் கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“எனக்கு வேண்டாம் முதலாளி. கொச்சிக்குப் போறேன், அங்கன ஒரு வேலை சொல்லியிருக்காங்க. இதத் தம்பியே ஓட்டட்டும். இதோட காலு அவனுக்குத்தான் தெரியும்.”

வேலை நிலைத்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான். அவன் போட்ட பிச்சையில் எப்படிச் சந்தோஷப்படுவது? மறுநாள் திருவிழாக் கூட்டத்தில் அவனைக் காணோம், பஸ் ஏறிவிட்டான் என்றார்கள். செலின் அன்றைக்கெல்லாம் அதிகம் பேசவில்லை. எனக்கு அது போதாதா? ஒரு வருஷம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அடுத்த திருவிழா

அடுத்த வருஷம் லாஞ்சு கரையேறியது. செலின் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்தாள். என்ஜின் பெட்டியில் பூ வரைந்தாள், ஏறும் படியில் வரைந்தாள். பின்பக்கம் வந்தாள். நாகக் கட்டி பாதி தேய்ந்து, நக்கிப்போட்ட கருப்பட்டி மாதிரி அசிங்கமாக இருந்தது. காலில் புதிதாக அரிப்பே இல்லை.

அவள் பூசினதுதான் காலைத் தின்றது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. இப்போது எப்படித் தடுப்பது என்று யோசித்து, “அத விட்டுரு செலின், அது… அப்படியே கெடக்கட்டும்” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பூசக் கூடாதுன்னு தெரியும். மச்சான் சொன்னாருல்லா.”

“எப்ப?”

“அவரு முத்துக்குளிச்சமாதிரி உங்க புரொப்பல்லர எடுத்துட்டு வந்தாருல்ல, அன்னைக்கி சாயங்காலம். நீங்க கலர் வாங்கப் போயிருந்தீங்க.”

தண்ணீருக்கு அடியிலேயே பார்த்துவிட்டான். பாசியைச் சுரண்டிப் பூவைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறான்.

“அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாலயும் எங்கிட்ட யாரு பூசுனான்னு கேட்டான்?”

செலின் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தாள். “நான் அழுதேன், என்னால உங்க வேலை போயிருமேன்னு. வேலைக்கு நான் பொறுப்புன்னாரு. ‘ஆனா நாளைக்கு முதலாளிய வச்சிட்டு ஒன் வீட்டுக்காரங்கிட்டக் கேப்பேன். தான் தப்பிக்க ஒன் பேர இழுக்கானான்னு பாக்கணும். இழுத்தாம்னா நான் இங்கனதான் இருப்பேன், ஒனக்கு ஒரு ஆளு வேணும்லா’ன்னாரு.” டப்பாவை மூடினாள். “நீங்க இழுக்கல. பூவும் நான்தான்னு சொன்னீங்களாமே. போகும்போது அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நீ நல்ல எடத்துலதான் இருக்கன்னு சொல்லிட்டுப் போனாரு.”

அவள் கண் கலங்கியிருந்தது. என்னை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அந்த ‘நான்தான்’ எந்த வயிற்றெரிச்சலில் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அவன் கொடுத்த நற்சான்றை நானே எதற்குக் கிழிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் விளமீன் குழம்பு. தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். செலின் கரண்டியால் துழாவி, தலையை முழுசாக எடுத்து என் தட்டில் வைத்தாள். மேலே குழம்பை ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அன்னைக்கி அவனுக்கு வச்சது இதவிடப் பெருசு” என்றேன்.